அல்சூர் ஏரியும் வேடந்தாங்கலும்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களில் சிலர் பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கும் அழைத்துப் போவதுண்டு. அப்படிப் போய் வந்த என் பேத்தி, "தாத்தா, நம்ம அல்சூர் ஏரியும் வேடந்தாங்கல் மாதிரிதானே?" என்று கேட்டாள். காக்ஸ் டவுனிலிருந்து நடந்து போகும் தூரம். தமிழ்ச் சங்கத்துக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற ஏரிதான். ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வேடந்தாங்கலின் சிறப்பு நீரில் நிற்கும் மரங்கள். நீர்க்கடம்பும் கருவேலமும் ஏரிக்குள்ளேயே நிற்பதால், பூனையும் நரியும் எளிதில் கூட்டை நெருங்க முடியாது. பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்கு நல்ல உரம். அதை உணர்ந்த ஊர்மக்கள் வேட்டைக்காரர்களை எதிர்த்து முறையிட, 1798இல் செங்கற்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார்.

நம் ஏரி கெம்பே கௌடர் மரபினர் காலத்தது. ஏறத்தாழ 120 ஏக்கர். இதிலும் மரம் அடர்ந்த தீவுகள் உண்டு. படகுச் சவாரிக்கு வருபவர்கள் அவற்றை அழகுக்கு வைத்ததாக நினைக்கலாம். பறவைகளுக்கோ அவைதான் வீடு. மாலையில் போய்ப் பாருங்கள். நீர்க்காகங்கள் கூட்டமாக வந்து இறங்கி, துணி உலர்த்துவது போலச் சிறகை விரித்து நிற்கும். மூழ்கி மீன் பிடிக்கும் பறவையாக இருந்தும் அதன் இறகு நனைந்துவிடும் என்பது வேடிக்கை. கூழைக்கடா தாடைப் பையைத் தொங்கவிட்டு மிதக்கும். இவையெல்லாம் அடங்கும் வேளையில் வக்கா என்னும் இராக்கொக்கு கிளம்பும். நம் ஆலைத் தொழிலாளர்களைப் போல ஷிப்ட் முறைதான்!

ஆனால் ஒரு பெரிய வேற்றுமை. அங்கே உரநீரை வாங்கிக்கொள்ள வயல் இருக்கிறது. இங்கே கால்வாய் வழியே நகரத்துக் கழிவுநீர் வந்து சேர்கிறது. அந்த உரத்தை எடுத்துக்கொள்ள வயல் ஏது? பாசிதான் அதைத் தின்று கொழுக்கிறது. பகலில் பிராண வாயுவை வெளியிடும் பாசி, இரவில் அதையே உறிஞ்சும். மடிந்த பாசி அழுகும்போது இன்னும் குறையும். அதனால் விடியற்காலையில்தான் மீன்களுக்கு மூச்சுத் திணறும். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மீன் இல்லையென்றால் தீவு மரம் மட்டும் இருந்து என்ன பயன்? பறவை வேறு ஏரி தேடிப் போகும்.

நாம் புண்ணியம் என்று வீசும் ரொட்டியும் பொரியும்கூட இந்தக் கணக்கில்தான் சேரும். நானும் வீசியவன்தான், நிறுத்திவிட்டேன்.

பேத்திக்கு, "மரம் அதே மாதிரி, தண்ணீர்தான் வேறே" என்றேன். போன ஞாயிறு கென்சிங்டன் ரோடு பக்கம் நின்று, அவள் நாற்பது நீர்க்காகம் வரை எண்ணினாள். அதற்குள் இருட்டிவிட்டது.