சோழகக் காலத்தில் எந்தக் கரையில் படகேறுவது?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் வந்து இறங்கியதுமே வெள்ளவத்தை வீடுகளில் வான் பேசத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கடலும் படகும் வேண்டும். ஆனால் மேற்கிலும் தெற்கிலும் கடல் மிகக் கடுமையாக இருப்பது அப்போதுதான். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோழகம், மறிப்பில்லாத பெருங்கடலைத் தாண்டி நேரே இந்தக் கரையில் வந்து மோதுகிறது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள கொழும்புத் துறைமுகத்துக்கே ஒரு காலத்தில் இந்தக் காற்றுக்கு மறைப்பு இருக்கவில்லை. 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த தென்மேற்கு அலைதடுப்புச் சுவர்தான் கப்பல்களுக்கு அந்த மறைப்பைத் தந்தது. ஹிக்கடுவையில் ஏறும் சிறு படகுக்கு அப்படியொரு சுவர் கிடையாது. 2013 ஜூனில் மேற்கு, தெற்குக் கடலில் திடீரென எழுந்த காற்றில், கடலே வாழ்க்கையான மீனவர்கள் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆகவே சோழகத்தில் நிலாவெளி, பாசிக்குடா. வாடைக் காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, மிரிஸ்ஸ, ஹிக்கடுவை. பயணத் திகதிக்குப் பொருந்தும் கரையை முதலில் தீர்மானியுங்கள், ஹோட்டலைப் பிறகு பார்க்கலாம்.

மறைவான கரையிலும் ஒரு பொறி உண்டு. சோழகம் கிழக்கில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும், பார்த்தால் பயமே வராது. ஆனால் காற்றடித்த ரியூப்பில் மிதக்கும் பிள்ளையை அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டு போகும். தூரம் போகப் போக அலையும் பெருக்கும். ரியூப்பை நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கயிற்றோடு பிடித்திருக்க வேண்டும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவுக்குப் போவதானால் காலையிலேயே போய்த் திரும்புங்கள். பிற்பகலில் பெரும்பாலும் காற்று கூடிவிடும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தல் தமிழிலும் வருகிறது. 'புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக' என்று அது கடலைத் துண்டு துண்டாகச் சொல்லும். நீங்கள் போகும் துண்டுக்கு அதில் எச்சரிக்கை இருந்தால் படகை விட்டுவிடுங்கள். கிழக்கென்றாலும் பொத்துவில் பக்கத்துக்குச் சோழகத்திலும் எச்சரிக்கை வருவதுண்டு.

உயிர்காப்பு அங்கி இல்லாமல் படகில் ஏற மறுப்பது உங்கள் உரிமை. அங்கியைப் போட்டுப் பூட்டியபின் பிள்ளையின் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு அளவில்லை. களப்புத்தானே என்று விடவும் கூடாது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளைப் பலிகொண்ட படகு கவிழ்ந்தது பெருங்கடலில் அல்ல.

மோசமான கடலிலும் நம்மவரைப் படகேற வைப்பது பெரும்பாலும் கட்டிய முற்பணம். 'காசு கட்டியாச்சு, போய்ப் பார்ப்போம்' என்ற அந்தப் பேச்சு வரக்கூடாது. காற்றினால் பயணம் நின்றால் பணம் திரும்புமா, திகதி மாறுமா என்பதை, கட்டுவதற்கு முன்பே வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். ரசீதையும் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. எழுத்துமூல முறைப்பாடு மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். வெளிநாட்டு உறவினர் திரும்பிப் போக விமானம் ஏறுமுன்பே முறைப்பாட்டை எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடலில் ஆபத்தென்றால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.