சுமை மாறினாலும் தடம் மாறாத எந்திரம்!

ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எந்திரத்தைப் பொருத்திய அன்று அது ஒழுங்காக ஓடும். நாளாக ஆக பேரிங் தேயும். சுமை கூடும். மின் அழுத்தம் இறங்கும். முதல் நாள் செய்து வைத்த செட்டிங் பிசகிப் போகும். ஓடி வரும் டிராலி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டினால் சரக்கு மட்டுமா நொறுங்கும்? பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து!

இதற்கு ரஷிய விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் "சறுக்கு முறைக் கட்டுப்பாடு". 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் மாஸ்கோவில் எமல்யானோவ், உத்கின் முதலியோர் இதை உருவாக்கினார்கள். 1977-ல் உத்கின் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையால் இது உலகெங்கும் பரவியது.

எப்படி வேலை செய்கிறது?

தண்டவாளத்தில் ஓடும் டிராலிக்கு ஒரு விதி வைக்கிறோம். போக வேண்டிய தூரம் 10 மீட்டர் இருந்தால் வேகம் விநாடிக்கு 2 மீட்டர். 5 மீட்டர் இருந்தால் 1 மீட்டர். 1 மீட்டர் இருந்தால் 20 சென்டிமீட்டர்.

வேகம் இதைவிடக் கூடினால் மோட்டார் முழு பலத்தோடு பின்னுக்கு இழுக்கும். குறைந்தால் முழு பலத்தோடு முன்னுக்குத் தள்ளும். கண் இமைப்பதற்குள் பல தடவை இப்படி மாறி மாறி நடக்கும். இதனால் டிராலி அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே சறுக்குவது போலப் போய் நிற்கும்.

இந்த விதியில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்! ஏற்றியது 1 டன் ஆனாலும் சரி, 3 டன் ஆனாலும் சரி, மீதித் தூரம் பாதியாகக் குறைய சுமார் மூன்றரை விநாடிதான் ஆகும்.

குறையும் உண்டு

ஸ்விட்ச் எவ்வளவு வேகமாக மாறினாலும் சிறிது தாமதம் இருக்கும். அதனால் எந்திரம் கடகடவென்று அதிரும். பல் சக்கரம் தேயும், மோட்டார் சூடாகும். ஆகவே, விதியை ஒட்டி வந்ததும் பலத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறை வந்தது. இதில் அதிர்வு அடங்கும். ஆனால் துல்லியம் கொஞ்சம் குறையும். துல்லியம் குறையாமலே அதிர்வைப் பெரிதும் தணிக்கும் முறைகளை லெவான்ட் என்பவர் 1993-ல் விளக்கினார்.

கம்ப்யூட்டர் விட்டு விட்டுத்தான் அளந்து கட்டளை இடுகிறது. அதற்கு ஏற்றபடி இந்த முறையை எப்படிக் கையாளுவது? மும்பை பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பந்தோபாத்யாய் இதை ஆராய்ந்தார். இது பற்றி அவர் ஜனார்தனனுடன் சேர்ந்து எழுதிய நூல் 2006-ல் வெளிவந்தது.

தொழிலாளர் கவனத்துக்கு

எந்தச் சுமையையும் தாங்கும் மந்திரம் அல்ல இது. எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அதைவிடப் பலமான மோட்டாரைப் பொருத்தினால்தான் இது பலிக்கும். எந்திரத்தின் தகட்டில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றினால் இந்தக் காவல் போய்விடும். "ஆட்டோமேட்டிக் எந்திரம்தானே, பார்த்துக்கொள்ளும்" என்று யார் சொன்னாலும் கூடுதல் சுமை ஏற்றாதீர்கள்!