செயலிக் கடையும் தரகும்

வாழைத்தாரை மண்டியில் இறக்கினால் தரகு உண்டு என்பதை ஜீயபுரம் அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். தரகு மிகுந்தால் வேறு மண்டியை நாடலாம். கைப்பேசிச் செயலி விற்பவருக்கோ அவ்வழி குறுகியது. ஆண்டிராய்டு கைப்பேசி வைத்திருப்போரில் பெரும்பாலோர் அறிந்த கடை கூகுளின் பிளே ஸ்டோர் ஒன்றே.

இக்கடை, செயலிக்குள் விற்கும் சேவைகளுக்கு 15 முதல் 30 சதவிகிதம் வரை கட்டணம் விதித்ததுடன், பணத்தையும் தன் வழியாகவே செலுத்தச் சொன்னது. இது முறையன்று எனக் கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபர் 25ஆம் தேதி ரூ. 936.44 கோடி அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரூ. 216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கிடையில், பிற வழியில் பணம் பெற இடமளித்த பின்னும் 11 முதல் 26 சதவிகிதம் வரை கட்டணம் நீடித்தது. அதைச் செலுத்தவில்லை எனச் சென்னையின் பாரத் மேட்ரிமோனி முதலிய செயலிகள் 2024 மார்ச் 1ஆம் தேதி கடையிலிருந்து நீக்கப்பட்டன. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் மீண்டும் இடம்பெற்றன.

பாதுகாப்புக்கும் பராமரிப்புக்கும் செலவுண்டு என்பது கூகுளின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தறி செய்த தச்சர், அதில் எந்த நூலை ஏற்றுவதென்று விதிப்பதில்லையே! விலை கொடுத்து வாங்கிய கைப்பேசியும் அத்தகையதே அன்றோ?

சேலை, வாழை போன்ற சரக்குகளின் விற்பனைக்கு இக்கட்டணம் இல்லை. எனினும் வாயிற்கதவு பிறர் கையில் இருக்கிறது. ஆகவே, செயலி வழியே விற்க முனையும் சங்கம், வாடிக்கையாளர் பதிவேட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வதும், சொந்த இணையதளம் ஒன்றை நடத்துவதும் அவசியம். கடைக் கதவு ஒருநாள் அடைபட்டாலும் நம் வாடிக்கை நம்மை விட்டுப் போகலாகாது.