நாற்றம் அடிக்கும்போதே காற்றை பிடிக்கணும்! கடலூர் கிராமங்கள் காட்டிய பக்கெட் வழி

காஞ்சீபுரம்:

பட்டு சேலை ஜரிகையில் சந்தேகம் வந்தால் காஞ்சீபுரத்தில் அதற்கு வழி இருக்கிறது. துளி ஜரிகையை சோதனை மிஷினில் வைத்தால் போதும். வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று புட்டு புட்டு வைத்துவிடும்.

ஆனால் சுவாசிக்கிற காற்றில் சந்தேகம் வந்தால்? எதை வெட்டி எடுத்து யாரிடம் கொடுப்பது?

தொழிற்சாலை ஓரம் குடியிருப்பவர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் குறை ஒன்றுதான். ராத்திரி நாற்றம் மூக்கை துளைக்கும். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்க்கும்போது காற்று திசை மாறி இருக்கும். ஆதாரம் காற்றோடு போச்சு! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என தொழிற்பேட்டைகள் நிறைந்த காஞ்சீபுரம் மாவட்டத்தினர் இதை தெரிந்துகொள்வது நல்லது.

கடலூரில் நடந்தது

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராம மக்களும் பல வருடம் இதே புகாரை சொல்லி வந்தார்கள். 2004-ம் ஆண்டு அவர்களே காற்றை பிடிக்க கற்றுக்கொண்டார்கள். அதற்கு பயன்பட்டது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்!

நாற்றம் அடிக்கும் நேரத்தில் பிடித்த காற்று அமெரிக்காவில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு பறந்தது. அதில் 22 ரசாயனங்கள் இருப்பதாக முடிவு வந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அதுவரை 'நாற்றம் அடிக்குது' என்று மட்டும் சொன்ன மக்கள், ரசாயனத்தின் பெயரை சொல்லி கேள்வி கேட்டார்கள்.

வக்கீலுக்கு வந்த யோசனை

இந்த பக்கெட் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். 1995-ல் எட் மாஸ்ரி என்ற வக்கீல், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை புகையால் அவதிப்பட்ட மக்களுக்காக வழக்கு நடத்தினார். அந்த புகையில் அவருக்கே உடம்பு கெட்டது. அதிகாரிகளோ கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்றார்கள். கடுப்பான அவர், பொதுமக்களே காற்றை பிடிக்க விலை குறைந்த கருவி ஒன்றை என்ஜினீயர்களை வைத்து செய்ய சொன்னார்.

வேலை செய்வது எப்படி?

மூடி போட்ட பக்கெட்டுக்குள் ரசாயனம் ஒட்டாத விசேஷ பை தொங்கும். பையின் வாய் மட்டும் குழாய் வழியாக வெளியே இருக்கும். பம்ப் வைத்து பக்கெட்டில் உள்ள காற்றை உறிஞ்சினால், பை தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். சில நிமிஷத்தில் வேலை முடிஞ்சிடும்.

பம்ப் வைத்து நேரடியாக பையை நிரப்பினால் என்ன? அங்கேதான் சூட்சுமம். பம்பில் உள்ள எண்ணெய், ரப்பர் வாடையும் காற்றில் கலந்துவிடும். இந்த முறையில் பைக்குள் போகும் காற்று பம்பை தொடுவதே இல்லை.

பையிலும் ஒரு குறை உண்டு. சுமார் 3 நாளைக்குள் சோதிக்கணும். தாமதித்தால் வாயு கசியும், மாறும். அதனால் உள்ளே காற்றே இல்லாமல் செய்த ஸ்டீல் உருளையும் வந்தது. வால்வை திறந்தால் காற்று தானாக உள்ளே பாயும். பல நாள் தாங்கும்.

மூச்சை அடக்கணும்

புவி வெப்பத்துக்கு காரணமான கரியமில வாயுவை அளப்பது இன்னும் கஷ்டம். இந்திய-பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2006-ல் புதுச்சேரியில் கண்ணாடி குடுவைகளில் காற்று பிடிக்க தொடங்கினார்கள். குடுவை பிரான்சில் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு போனது.

ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் 1958-ல் அளக்க தொடங்கியபோது, 10 லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. 2023-ல் ஆண்டு சராசரி 421. வருடத்துக்கு ஏறுவது 2, 3 பங்குதான். அதனால் ஆய்வுக்கூடங்களின் கணக்கு 0.1 பங்குக்கு மேல் வித்தியாசப்படக்கூடாது என்பது உலக வானிலை அமைப்பு வைத்துள்ள இலக்கு.

மனிதன் வெளியே விடும் மூச்சில் இந்த வாயு வெளிக்காற்றைவிட சுமார் 100 மடங்கு அதிகம். காற்று பிடிப்பவர் பக்கத்தில் நின்று ஒரு மூச்சு விட்டாலே கணக்கு காலி! அதனால் குடுவையை திறக்கும்போது மூச்சை அடக்குவது, காற்று வரும் திசையை பார்த்து நிற்பது, காற்றின் ஈரத்தை எடுப்பது என பல கட்டுப்பாடுகள். இரண்டு குடுவையில் பிடித்து ஒப்பிட்டு பார்ப்பதும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்ப முடியாது.

ரெண்டும் வேணும்

பக்கெட் காட்டுவது அந்த சில நிமிஷத்தை மட்டும்தான். 24 மணி நேர சராசரியை அது சொல்லாது. மத்திய அரசின் 2009-ம் ஆண்டு காற்று தர விதியோ சராசரியை பார்க்கிறது. வாரம் 2 முறை, 24 மணி நேரம் வீதம் வருடத்துக்கு குறைந்தது 104 அளவு எடுக்க சொல்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கும் அதில்தான் வரம்பு வந்தது. ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டு சராசரி 5 மைக்ரோகிராம்.

ஆனால் ராத்திரி 10 நிமிஷம் அடித்த நாற்றம் 24 மணி நேர சராசரியில் கரைந்துபோகலாம். சராசரிக்கு அரசு கருவி, அந்த நேரத்துக்கு பக்கெட் என ரெண்டும் தேவை.

பக்கெட் இல்லாதவர்களும் சும்மா இருக்க வேண்டாம். நாற்றம் அடிக்கும் தேதி, நேரம், எந்த திசை காற்று, என்ன மாதிரி வாடை, எத்தனை நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்கும்போது, எந்த நேரத்தில் வந்து காற்று எடுக்கணும் என்பதை அந்த நோட்டே காட்டிவிடும்.