ஒரு மீன் வாங்கித் தந்த கையெழுத்து

ஒரு தேசத்தின் சுதந்திரத்தில் மீனுக்கும் பங்கு உண்டென்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். நாமும் முதலில் நகைத்தவர்கள்தாம். கானடாவின் சரித்திரத்தைப் புரட்டிய பிறகே நகைப்பு நின்றது.

ஹாலிபட் என்பது குளிர்ந்த கடல்களில் அடித்தரையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மீன். நம் கரையில் எருமை நாக்கு என்று வழங்கும் மீன் இதற்குத் தூரத்து உறவு. அந்தத் தமிழ்ப் பெயரே சாஸ்திர நூல்களிலும் 'எருமெய்' என்று ஏறியிருக்கிறது. ஹாலிபட்டோ இராட்சத ஜாதி. பஸிபிக் கடலில் 8 அடி நீளமும் 500 ராத்தல் எடையும் உள்ளவை அகப்பட்டதுண்டு. அவ்வளவு பெரியவை எல்லாம் பெண் மீன்களே! குஞ்சாக இருக்கையில் இதுவும் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணுடன் நிமிர்ந்துதான் நீந்துகிறது. சில மாதங்களில் இடது கண் மெல்ல நெற்றியைத் தாண்டி வலப்புறம் வந்து சேர்கிறது. பிறகு குருட்டுப் பக்கத்தைத் தரைக்குக் கொடுத்துப் படுத்து விடுகிறது. மேற்புறம் சேற்று நிறம், கீழ்ப்புறம் வெண்மை. சதையும் வெள்ளை வெளேரென்று, முள் அதிகமின்றி இருக்கும்.

அக்கரையின் ஆதிக்குடிகளான ஹைடா மக்கள் மரத்தில் செதுக்கிய தூண்டிலால் இதைப் பிடித்து உலர்த்தி உண்டு வந்தார்கள். அப்போதெல்லாம் மீனுக்குக் குறைவில்லை. 1880-களில் பஸிபிக் கரையை ரயில் எட்டிற்று. பனிக்கட்டியில் பொதிந்த ஹாலிபட் கிழக்கு நகரங்களுக்குப் பிரயாணமாயிற்று. பெண் மீன் முட்டையிடும் பருவம் அடையப் பன்னிரண்டு வருஷம் செல்லும். வியாபாரி அத்தனை காலம் பொறுப்பானா? முப்பது வருஷத்துக்குள் அருகிலிருந்த மீன்திட்டுகள் வறண்டன.

முட்டையிடும் குளிர்காலத்தில் 3 மாதம் வலையும் தூண்டிலும் ஓயவேண்டுமென்று கானடாவும் ஐக்கிய அமெரிக்காவும் இசைந்தன. கையெழுத்திடுவது யார்? அதுவரை கானடாவின் உடன்படிக்கைகளில் பிரிட்டிஷ் பிரதிநிதியின் கையெழுத்து இல்லாமல் இராது. இம்முறையும் வாஷிங்டனிலிருந்த பிரிட்டிஷ் ஸ்தானிகர் தாமும் கையெழுத்திட விரும்பினார். பிரதம மந்திரி மெக்கன்ஸி கிங் இணங்கவில்லை. மீன் எங்களுடையது, கடல் எங்கள் இருவருடையது, நடுவில் லண்டனுக்கு என்ன வேலை என்பதே அவர் வாதத்தின் சாரம். 1923-ம் வருஷம் மார்ச்சு 2-ந் தேதி மந்திரி எர்னெஸ்ட் லாப்வாண்ட் கானடாவின் சார்பில் தனியாகவே கையெழுத்திட்டார். பீரங்கியைப் பற்றிய உடன்படிக்கையானால் இவ்வளவு எளிதில் விட்டிருப்பார்களா என்பது நமது சந்தேகம்.

எட்டு வருஷம் கழித்து, 1931-ல், வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த உரிமையை ஊர்ஜிதம் செய்தது. மீனை ஆராய அன்று பிறந்த கமிஷன் இன்றும் ஸியாட்டில் நகரிலிருந்து வேலை செய்கிறது. குளிர்கால ஓய்வும் ஹாலிபட்டுக்கு இன்றளவும் கிடைத்து வருகிறது.