மிரட்சி பிடிவாதம் அல்ல

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, காத்தியவாரி இனக் குதிரைகள் கொண்டுவரப்படுகின்றன. வாங்க வருவோர் பல்லைப் பார்க்கிறார்கள், சுழியைப் பார்க்கிறார்கள், நடையைப் பார்க்கிறார்கள். மனிதக் கை அருகில் வந்ததும் அந்தக் குதிரை தலையைத் தூக்கிப் பின்வாங்குகிறதா என்று பார்ப்பவர் குறைவு. அப்படியே கண்ணில் பட்டாலும், 'முரட்டுக் குதிரை' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

பிழை அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. குதிரை, பிற விலங்குக்கு இரையாகக்கூடிய உயிர். எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதே அதன் முதல் தற்காப்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அது சுற்றுப்புறத்தைக் காண்கிறது. நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்குப் பின்னேயும்தான் பார்வை எட்டாது. அன்பு மேலிட நெற்றியைத் தடவ நாம் நீட்டும் கை, அது காண முடியாத அந்த இடத்திற்கே போகிறது.

ஆகவே, மிரளும் குதிரையைத் தோள்பட்டைப் பக்கமாக, சற்று வளைந்த பாதையில் நெருங்க வேண்டும். அதன் காதுகள் விறைத்து, கழுத்து உயர்ந்தால், அங்கேயே நிற்க வேண்டும். அது சற்றே தளர்ந்து தலையைத் தாழ்த்தும் கணத்தில் ஓரடி பின்னே செல்ல வேண்டும். நெருங்குவதைவிட இந்த விலகல்தான் முக்கியம். 'நான் அமைதியாக நின்றால் இவர் என்னை நெருக்கமாட்டார்' என்பதைக் குதிரை கற்றுக்கொள்வது இதிலிருந்துதான். விலகச் சில விநாடிகள் தாமதித்தாலும் பாடம் மாறிவிடும். உதறி ஓடியதால்தான் விடுதலை கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும்.

கொள்ளைக் காட்டி அழைத்து, அது தின்னும்போது தலைக்கயிற்றைப் பற்றிக்கொள்வது பலருக்கும் தெரிந்த குறுக்குவழி. இரண்டு முறை பலிக்கும். பிறகு கொள்ளு வாளியே சந்தேகத்துக்குரிய பொருளாகிவிடும். தொட அனுமதி கிடைத்த பின், பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தைச் சொறிந்துவிடுவது நல்லது. குதிரைகள் ஒன்றையொன்று பற்களால் வருடிக்கொள்ளும் இடம் அது; அங்கே வருடினால் அவற்றின் இதயத் துடிப்பு தணிவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

முகத்தையும் குதிரை படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமான மனித முகத்தின் படத்தைக் கண்ட குதிரைகளின் இதயத் துடிப்பு விரைவாக உயர்ந்தது. 2018-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் வியப்பானது. காலையில் ஒருவரின் கோபமான முகத்தைப் படத்தில் கண்ட குதிரைகள், சில மணி நேரம் கழித்து அவர் இயல்பான முகத்துடன் நேரில் வந்தபோதும் அவரிடம் எச்சரிக்கை காட்டின. சினத்தோடு குதிரையிடம் போகக் கூடாது என்றும், அஞ்சிய குதிரையை அடித்தால் அச்சமே பெருகும் என்றும் கிரேக்கரான செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பாண்டிய நாட்டில் இறக்குமதிக் குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்றி மடிந்ததாக மார்க்கோ போலோ குறித்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்வலக் குதிரைகளின் நிலை என்ன? வெடிச்சத்தத்துக்கும் மேளத்துக்கும் நடுவே அசையாமல் நிற்கும் குதிரையைக் கண்டு 'நன்றாகப் பழகிவிட்டது' என்கிறோம். எப்போதும் அது பழக்கம் அன்று. எதைச் செய்தாலும் தப்ப வழியில்லை எனக் கண்ட உயிரின் மரத்துப்போன நிலையாகவும் இருக்கலாம். அத்தகைய குதிரை ஒருநாள் முன்னறிவிப்பின்றிக் கட்டறுத்து ஓடும்போது, கூட்டத்தில் நிற்கும் குழந்தைக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. அதன்பின் சவுக்கடி, அடுத்த சந்தை, அடுத்த உரிமையாளர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவநம்பிக்கை ஒரு படி கூடுகிறது.

பயிற்சிக்கு முன்பாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பொருந்தாத சேணம், கூர்மையாகத் தேய்ந்த கடைவாய்ப் பல், குளம்புப் புண் ஆகியவற்றின் வலியும் மிரட்சியாகவே வெளிப்படும். வலி இல்லை என்று உறுதியான பிறகும் வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். முன்னேற்றத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வேலியிட்ட வெளியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கையில் தீனி இன்றி, முகம் திருப்பி நின்று பாருங்கள். முதல் அடியை அதுவே எடுத்து வைத்து, உங்கள் தோளருகே மூச்சு விடுகிறதா?