ஒரே ஓர் ஆட்டம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

ஹாக்கி என்றதும் நம் கண்முன் வருவது மைதானமும், வளைந்த மட்டையும், வெள்ளைப் பந்தும்தான். உறைந்த பனித்தரையில், காலணிக்கு அடியில் எஃகுத் தகடு பூட்டிக்கொண்டு சறுக்கியவாறே ஆடும் ஹாக்கியும் உண்டு. அதுவே கனடா நாட்டின் உயிர்மூச்சான ஐஸ் ஹாக்கி.

நான் நம் கல்லூரி அணியில் பின்வரிசை ஆட்டக்காரன். சென்ற ஆண்டு பல்கலைக்கழக அணித் தேர்வுக்குச் சென்று, இறுதிப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பினேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் என் தந்தையார், "எடுக்கலைன்னா, இத்தனை நாள் ஆடினது என்னத்துக்குப்பா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வி மனத்தில் இருந்தபோதுதான் டான் செர்ரி என்பவரின் வாழ்க்கையைப் படித்தேன்.

ஆட்டமும் அதன் காவலரும்

ஐஸ் ஹாக்கித் தளம் வட அமெரிக்காவில் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வில்லை. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம். அணிக்கு ஆறு பேர் களத்தில் நிற்பர். இலக்கைக் காப்பவர் ஒருவர், தற்காப்பாளர் இருவர், முன்வரிசையினர் மூவர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள்.

தற்காப்பாளரின் வேலை கடினமானது. எதிரியைப் பார்த்தவாறே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். தோளால் மோதித் தடுக்க வேண்டும். பாய்ந்து வரும் பக்கின் குறுக்கே விழ வேண்டும். அடித்த கோலைக் கணக்கில் எழுதுவார்கள். தடுத்த கோலை யார் எழுதுகிறார்கள்?

ஆறே அணிகள்

டான் செர்ரி 1934இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். 1954இல் அமெரிக்க ஹாக்கி லீக் என்னும் இரண்டாம் நிலைப் போட்டித் தொடரில், ஹெர்ஷி அணியில் சேர்ந்தார். முதல் நிலையான தேசிய ஹாக்கி லீக்கில் 1942 முதல் 1967 வரை இருந்தவை ஆறே அணிகள்! ஓர் அணிக்கு ஐந்தாறு தற்காப்பாளர் என்றாலும், மொத்த இடங்கள் ஏறத்தாழ முப்பதுதான். எனவே திறமையுள்ள பலரும் சிறு நகர அணிகளிலேயே காத்துக்கிடந்தனர். ஒருவரது ஆட்ட உரிமை ஓர் அணியிடம் இருந்தால், அவர் தம் விருப்பப்படி வேறு அணிக்குச் செல்லவும் இயலாது.

செர்ரிக்கு ஒரு கதவு திறந்தது. 1955 மார்ச் 31 அன்று, பாஸ்டன் அணிக்காக மாண்ட்ரியாலை எதிர்த்து ஆடினார். வயது 21. அதுவே முதல், அதுவே கடைசி! அக்கோடையில் பேஸ்பால் ஆடும்போது தோளில் காயம்பட்டது. பின்பு அந்தக் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை.

நாடோடி வாழ்க்கை

ஸ்பிரிங்ஃபீல்டு, ஸ்போகேன், ரோச்செஸ்டர் என்று ஊர் ஊராக ஆடினார். மனைவி ரோஸும் உடன் வீடு மாறினார். கோடையில் ஆட்டம் இல்லை. கட்டட வேலைக்குச் சென்றார். ஸ்பிரிங்ஃபீல்டு அணியின் உரிமையாளர் எட்டி ஷோர், ஒரு காலத்தில் புகழ்பெற்ற தற்காப்பாளர்; ஆனால் கண்டிப்பு மிகுந்தவர். களமிறக்காத வீரர்களை அரங்கில் வர்ணம் பூசுவது போன்ற எடுபிடி வேலைகளுக்கு அனுப்புவார். அவர்களுள் செர்ரியும் ஒருவர். 1966 டிசம்பரில் அவ்வணி வீரர்கள் ஆட மறுத்துப் போராடினர். அடுத்த ஆண்டே தேசிய லீக் வீரர்களுக்குச் சங்கம் பிறந்தது. அப்போது செர்ரி அங்கே இல்லை.

இரண்டாம் நிலையின் உயர்ந்த பரிசான கால்டர் கோப்பையை நான்கு முறை வென்ற அணிகளில் அவர் ஆடினார். 1967இல் தேசிய லீக்கின் அணிகள் பன்னிரண்டாயின. ஆனால் அவருக்கோ வயது 33. 1970இல் ஓய்வு பெற்றார். கைத்தொழில் வேறில்லை. கார் விற்றார், கட்டட வேலை செய்தார். இரண்டும் கைகொடுக்கவில்லை.

திருப்பம்

1971-72இல் மீண்டும் ஆட வந்தார்; அந்தப் பருவத்தின் நடுவிலேயே ரோச்செஸ்டர் அணியின் பயிற்சியாளரானார். 1974இல் பாஸ்டன் அவரை அழைத்தது. ஆம், ஒரே ஓர் ஆட்டம் தந்த அதே பாஸ்டன்! 1976இல் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். 1977-78 பருவத்தில் அவ்வணியில் பதினொரு பேர் தலா இருபதுக்கும் குறையாமல் கோல் அடித்தனர், அது சாதனை. ஒரு நட்சத்திரத்தை மட்டும் நம்பாமல் பதினொரு பேரையும் ஒளிரவைக்க அவரால் முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவனின் மனம் அவருக்குத் தெரிந்திருந்ததே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனினும் அவரைக் குறையற்றவராகக் காட்ட நான் விரும்பவில்லை. 1979இல் மாண்ட்ரியாலுடன் நடந்த அரையிறுதியின் ஏழாம் ஆட்டத்தில், அவர் அணி விதிக்கு மேல் ஓர் ஆளைக் களத்தில் வைத்திருந்த தவறால் வெற்றி நழுவியது, பதவியும் போயிற்று. பின்பு தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்றார். 2019இல் குடியேறியவர்களைப் பற்றிப் பேசிய பேச்சால் அந்த வேலையையும் இழந்தார்.

நாம் அறிவது

நண்பர்களே! செர்ரிக்குத் திருப்பம் வந்தது. அவருடன் ஆடிய எத்தனையோ பேருக்கு வரவில்லை. ஆகவே 'காத்திருந்தால் கிட்டும்' என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லக்கூடியது இவ்வளவே: இரண்டாம் வரிசையில் கற்றது வீணாகாது, ஆனால் அதை மட்டுமே நம்பியவன் 36 வயதில் தெருவில் நிற்கக்கூடும்.

விடுமுறையில் இக்கதையைத் தந்தையாரிடம் கூறினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ காலையில ஆடு, ராத்திரியில படி" என்றார். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டையும் விடுவதாக இல்லை.